பச்சை மையில் இரண்டு வரி

ராஜபாளையத்தில் எனக்குப் பெயர் கிடையாது. 'முன்னாள்' என்பார்கள். 'முன்னாள் வாராரு, சேர் போடு.' 'முன்னாள் காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க.' கல்யாண வீடானாலும் துட்டி வீடானாலும் இதே பாட்டுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கொலைக் கேஸ்களில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் நான். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. நடுவில் ஒரே ஒரு தடவை சட்டமன்றத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தது மட்டும் நெற்றியில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். அதுதான் எரிச்சலைக் கிளப்புகிறது. அந்தப் பதவியில் இருந்தபோது நான் செய்த ஒரு காரியம் இவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்துதான் கும்பிடுகிறார்கள்.

எங்கள் குடும்பம் சேத்தூரில் விவசாயக் குடும்பம். மதுரையில் சட்டம் படித்துவிட்டு வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தொழிலை ஆரம்பித்தேன். சட்டப் புத்தகத்தைவிட எனக்குக் குறுக்கு விசாரணைதான் கை வந்தது. அதிலும் போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றி உரிப்பது என்றால் எனக்குத் தனி ருசி. எத்தனை மணிக்குப் போனீர், எந்தப் பக்கமாகப் போனீர், வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் அவரே கட்டின பொய்க்குள் அவரை விட்டுப் பூட்டிவிடுவேன். பக்கத்துக் கோர்ட்டு குமாஸ்தாக்கள்கூட வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அந்த வாய்தான் என்னை அரசியலுக்கு இழுத்துக்கொண்டு போனது. கட்சிக் கூட்டங்களில் பேசினேன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சீட்டுக் கொடுத்தார்கள், ஜெயித்தேன்.

ஜெயித்த மறுவாரத்திலிருந்து விடிந்தால் வீட்டு வாசலில் கூட்டம். பட்டா, வேலை, மாற்றல், ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு. மனுக்களை வாங்கி மூலையில் பச்சை மையில் இரண்டு வரி எழுதுவேன். பச்சை மை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, இப்போது நினைத்தால் கூசுகிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டு உதவியாளரிடம் கொடுத்தால் அவர் கட்டாகக் கட்டி வைப்பார். அதோடு அந்த மனுக்களின் ஆயுள் முடிந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவரை எங்கள் ஊருக்கு மாற்றிக் கொண்டுவரவும் நான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தேன். சுறுசுறுப்பான ஆள், என்னை 'அண்ணாச்சி' என்று வாய் நிறையக் கூப்பிடுவார். ஒரு காலத்தில் போலீஸை உரித்தவனுக்குப் போலீஸ் அண்ணாச்சி என்று கூப்பிடுவது எவ்வளவு இனித்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

என் இரண்டாவது வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்தப் பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். பேண்டேஜ் துணி மடிக்கிற இடத்தில் வேலை. புருஷன் நூல் மில்லில் மிஷின் ரிப்பேர் பார்க்கிற பிட்டர். முதல் நாள், திங்கட்கிழமை, மில்லுக்குள் அவனுக்கும் மேஸ்திரிக்கும் தகராறு. மாசமாக இருந்த ஒரு பெண்ணை ஷிப்டு முடிந்த பிறகும் மேஸ்திரி நிறுத்தி வைத்திருக்கிறார். இவன் போய் ஏன் என்று கேட்க, வார்த்தை முற்றிச் சட்டையைப் பிடித்துவிட்டான். சாயங்காலமே போலீஸ் வீட்டுக்கு வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"ஸ்டேஷன்ல கேட்டா இங்க இல்லங்காவ. ஆனா அவிய செருப்பு வாசல்ல கெடக்கு அய்யா. நான் பாத்தேன்" என்றாள்.

அவள் முன்னாலேயே போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "ஆமா அண்ணாச்சி, நம்மகிட்டதான் இருக்கான். மில்லுல இருந்து சொல்லியிருக்காவ. ரெண்டு நாள் உக்கார வெச்சு, புத்தி சொல்லி அனுப்பிருவோம்."

"கேஸ் ஏதும் போட்டிருக்கா?"

"கேஸெல்லாம் எதுக்கு? அவன் வாழ்க்கை வீணாப் போயிரும்லா."

கேஸ் போடாமல் ஒரு மனுஷனை அடைத்து வைப்பது குற்றம். கோர்ட்டில் நின்று நான் நூறு தடவை சொன்ன விஷயம். அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. அந்த மில் முதலாளி கட்சிக்கு வேண்டியவர், என் தேர்தலுக்கு ஓடிய ஜீப்புகள் அவருடையவை. "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கொண்டு வந்த மனுவில் எழுதினேன்: 'செவ்வாய். ஆய்வாளரிடம் பேசினேன். காவலில் இருக்கிறார்.'

புதன்கிழமை காலையில் அவள் மறுபடியும் வந்தாள். அதற்குள் ஊரில் வேறு ஒரு சேதி பரவியிருந்தது. அதே மேஸ்திரியை முந்தின இரவு, சுந்தரபாண்டியத்துக்குச் சைக்கிளில் திரும்பிப் போகும்போது, கண்மாய்க் கரையில் யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். அதைப் பற்றி அவள் பேசவில்லை. "இன்னும் விடல அய்யா" என்றாள். நான் போன் போட்டேன். இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்கப் பேசினார்.

"கொலை விழுந்து கெடக்கு அண்ணாச்சி, அந்த அலைச்சல்ல இருக்கேன். உங்க ஆளு எங்க போயிரப் போறான், இங்கதான் திங்கக்கிழமையில இருந்து மூலையில குத்த வெச்சிருக்கான். நாளைக்கு விட்டுருதேன்."

இரண்டாவது வரியை எழுதினேன்: 'புதன். மீண்டும் பேசினேன். நாளை விடுவதாகச் சொன்னார்.' அவளிடம், "நாளைக்கு வந்துருவான், போம்மா" என்றேன்.

"சோறு கொண்டு போய்க் குடுக்கலாமா அய்யா? உள்ள விடுவாகளா?"

"குடு, குடு" என்றேன். அடுத்த ஆள் மனுவை நீட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பேப்பரில் வந்தது. மேஸ்திரி கொலையில் மில் தொழிலாளி கைது. வியாழக்கிழமை அதிகாலை ரயில்வே கேட் பக்கம் பதுங்கியிருந்தவரைப் போலீசார் மடக்கிப் பிடித்தார்களாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு அரிவாளையும் எடுத்துக் கொடுத்தாராம்.

கொலை நடந்தது செவ்வாய் ராத்திரி. அவன் திங்கட்கிழமையிலிருந்து ஸ்டேஷனில். இந்தக் கணக்கைப் போட வக்கீல் தேவையில்லை. நான் உடனே போன் போட்டேன். அதை மட்டும் செய்தேன். இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, ரெண்டு நாளைக்குள்ள ஆளைக் காட்டலைன்னா என்னைத் தூக்கிருவாவ. மேல இருந்து அழுத்தம், மில்லுல இருந்து அழுத்தம். இவனுக்கும் செத்தவனுக்கும் சண்டைன்னு மில்லுக்கே தெரியும். நீங்க பாத்தும் பாக்காம இருந்துக்கோங்க."

நான் 'சரி' என்று சொல்லவில்லை. பேசாமல் போனை வைத்துவிட்டேன். சரி என்று சொல்லவில்லை என்பதை ரொம்ப நாள் எனக்குச் சாதகமான பாயிண்டாக மனசுக்குள் வைத்திருந்தேன். என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். வழக்கோடு வருகிற எந்தக் கட்சிக்காரனுக்கும் ஒரு பாயிண்டு கிடைக்கும், எனக்கு நானே கட்சிக்காரன் என்றால் கேட்க வேண்டுமா? ஒருவேளை செவ்வாய் சாயங்காலம் விட்டுவிட்டு மறுபடியும் பிடித்திருப்பார்களோ. ஒருவேளை அவனே ஆள் வைத்துச் செய்திருப்பானோ. கோர்ட்டு இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளும். இப்படியே தேற்றிக்கொண்டு சட்டமன்றக் கூட்டத்துக்கு மெட்ராஸ் ரயிலில் ஏறினேன்.

அவள் அதற்குப் பிறகு மூன்று தடவை வந்தாள். இரண்டு தடவை நான் உண்மையிலேயே ஊரில் இல்லை. மூன்றாவது தடவை வீட்டில்தான் இருந்தேன். 'மெட்ராஸ் போயிருக்காருன்னு சொல்லு' என்று உதவியாளரிடம் சொல்லி அனுப்பிவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் குரல் அங்கே வரைக்கும் கேட்டது. அழவில்லை. "எப்ப வருவாரு?" என்று கேட்டாள். பிறகு, "நான் வந்தேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அதோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த தேர்தலில் தோற்றேன். அந்தப் பெண்ணுக்காக ஊர் என்னைத் தோற்கடிக்கவில்லை, அப்படி ஒரு நீதி இந்த ஊரில் நடந்ததில்லை. காற்று மாறியது, தோற்றேன். கறுப்புக் கோட்டைத் துவைக்கப் போட்டு, மறுபடியும் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக ஆரம்பித்தேன். ஆனால் வழக்குக் கொண்டு வருகிற கட்சிக்காரர்கள் வரவில்லை. ஐந்து வருஷத்தில் வேறு வாய்கள் வந்துவிட்டன. வக்கீல்கள் அறையில் என் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி அசைந்தார், எழுந்திருக்கவில்லை. எனக்கு அதற்கெல்லாம் கோபம் வந்தது. எதற்குக் கோபம் வந்திருந்தால் நியாயமோ அதற்கு மட்டும் வரவில்லை.

அப்படி ஒரு நாள் மதியம் கோர்ட்டு வராந்தாவில் அவள் என் முன்னால் வந்து நின்றாள். ஆள் மெலிந்திருந்தாள், உடனே அடையாளம் தெரிந்தது. புருஷன் மதுரை ஜெயிலில் பல மாதம் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அதே ஸ்டேஷனில். வழக்கு இப்போது செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணைக்கு வந்திருக்கிறது. இதையெல்லாம் நின்றபடியே சொன்னாள்.

என் நெஞ்சு நிமிர்ந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிமிர்ந்தது. கடைசியில் என்னைத் தேடித்தானே வந்தாய் என்று. "கவலைப்படாத. நான் நடத்துதேன். பீஸெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிப் பையிலிருந்து வக்காலத்துப் பாரத்தை எடுத்தேன்.

அவள் அந்தப் பாரத்தைத் தொடவில்லை.

"வக்கீலு இருக்காரு அய்யா. சின்ன வயசுக்காரரு, நல்லாத்தான் பாக்காரு. எனக்கு வக்கீலு வேண்டாம். சாட்சிதான் வேணும்."

"என்ன சாட்சி?"

"அவிய ஸ்டேஷன்ல இருந்தாகன்னு உங்களுக்குத் தெரியும்லா. எனக்கு முன்னாலதான போன் பேசுனீக. செவ்வாக்கெழமையும் பேசுனீக, புதங்கெழமையும் பேசுனீக. நான் சொன்னா பொண்டாட்டி சொல்லுதாங்காவ. நீங்க சொல்லுங்க."

சுற்றிலும் ஆட்கள். ஒரு ஜூனியர் வக்கீல் நின்று வேடிக்கை பார்த்தான். நான் குரலைத் தாழ்த்தி, "இத்தனை வருசம் கழிச்சுச் சொன்னா என்னைத்தான் கேப்பாவ, ஏன் அப்பவே சொல்லலைன்னு" என்றேன்.

"கேக்கட்டும்" என்றாள். "நானுந்தான் கேக்கேன்."

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது சொல்லி மடக்கியிருப்பேன். அவள் வாய்தா தேதியை ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தாள். அதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து பின்கட்டு ஓட்டு ஷெட்டைத் திறந்தேன். ஐந்து வருஷ மனுக்களும் சணல் கயிறு போட்டுக் கட்டுக்கட்டாகக் கிடந்தன. கீழ் வரிசையைக் கரையான் தின்றுவிட்டது. என் மனைவி வந்து வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு முதலிலேயே தெரியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பொம்பள வாசல்ல நிக்கையில நீங்க உள்ள உக்காந்து இட்லி தின்னீங்க. நாந்தான் சட்னி ஊத்துனேன்" என்றாள். "ஒரு வார்த்தை நானும் கேக்கலை."

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கட்டுகளை அவிழ்த்தோம். இரண்டு நாள் பிடித்தது. அந்த இரண்டு நாளில் என் மேல் எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கண் தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு ஒரு மனு. ஆயுள் கைதி மகனைப் பார்க்கப் போக ஒரு கடுதாசி கேட்டு ஒரு மனு. ஒரே ஆள் ஏழு தடவை கொடுத்த மனு, ஏழிலும் என் பச்சைக் கையெழுத்து. எதற்கும் ஒன்றும் நடந்திருக்கவில்லை. நான் வாங்கி வைத்தது காகிதங்களை இல்லை, ஆட்களை. அவர்களைத்தான் கரையானுக்குப் போட்டிருக்கிறேன். என் மனைவி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். போதும் என்று சத்தம் போட்டேன். "உங்களுக்குப் போதும்" என்றாள், நிறுத்தவில்லை.

மனு கிடைத்தது. ஓரம் அரித்திருந்தது, எழுத்து போகவில்லை. செவ்வாய், புதன், இரண்டு வரியும், தேதியும், கையெழுத்தும். பின்பக்கம் உதவியாளர் போட்ட வரவு முத்திரை.

அந்த இளம் வக்கீலிடம் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என் பழைய வழக்குகளை நின்று கேட்டவர்களில் அவரும் ஒருவராம், பின்னால் சொன்னார். அன்று மனுவைக் கோப்பில் வைத்துக் கட்டினார். "எதிரி தரப்பு முதல் சாட்சியா உங்களைப் போட்டுருதேன்" என்றார். எங்கள் கோர்ட்டுத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு 'எதிரி' என்று பெயர். ஒருத்தன் உள்ளே வரும்போதே அவனை எதிரி ஆக்கிவிட்டுத்தான் அப்புறம் விசாரிக்கவே ஆரம்பிப்போம். அத்தனை வருஷமும் அந்த வார்த்தை எனக்கு உறுத்தியதில்லை.

விஷயம் பரவிவிட்டது. அரசியல் கட்சிக்காரர்கள் வந்து, "தலைவரே, உங்க பேரு கெட்டுரும்" என்றார்கள். அவர்களை வெளியே போகச் சொன்னேன். அரசாங்க வக்கீல் என்னோடு சேர்ந்து தொழிலுக்கு வந்தவர், ஒரே பஸ்ஸில் இருபது வருஷம் போய் வந்திருக்கிறோம். அவர் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னவே, கிறுக்குப் பிடிச்சிட்டா? நீரு கூண்டுல ஏறுனா நான் உம்மை விட முடியாது. என் தொழிலு அது."

"விடாதீரும்" என்றேன்.

"உம்மைக் கிழிக்க வேண்டி வரும்."

"கிழியும்வே. அதுக்குத்தான வாரேன்."

அவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சாட்சி நாளில் நான் கோட்டும் கவுனும் போடாமல் வெள்ளைச் சட்டையில் போனேன். கோர்ட்டு டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். எனக்குத் தெரிந்த மனுஷன். எதிர்க் கூண்டில் அவளுடைய புருஷன் நின்றான். அத்தனை வருஷத்தில் அவனை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். வலது கை மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. ஸ்டேஷனில் நடந்ததாம். பிட்டர் வேலைக்கு அந்தக் கை இனி ஆகாது. இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் மடிப்புக் கலையாத உடுப்பில் உட்கார்ந்திருந்தார்.

இளம் வக்கீல் கேட்ட முதல் விசாரணையில் நடந்ததைச் சொன்னேன், மனுவைக் காட்டினேன். பிறகு அரசாங்க வக்கீல் எழுந்தார். சொன்னபடியே செய்தார்.

"நீங்கள் சட்டம் படித்தவர். கேஸ் போடாமல் ஒருவரை வைத்திருப்பது தப்பு என்று தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்தும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னீர்களா? மேலதிகாரிக்கு எழுதினீர்களா? சட்டமன்றத்தில் பேசினீர்களா?"

"இல்லை."

"அவர் மீது கொலைக் குற்றம் சாட்டியது பேப்பரில் வந்ததைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"அப்படியும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை."

"இல்லை."

"ஏன்?"

அந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சாட்சியிடம் கேட்காதே என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அவருக்கும் தெரியும். வாய் தவறிக் கேட்டாரா, வேண்டுமென்றே எனக்கு அந்த வழியைத் திறந்துவிட்டாரா என்று நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"மில் முதலாளி எங்க கட்சிக்கு வேண்டியவர். இன்ஸ்பெக்டர் நான் சிபாரிசு பண்ணிக் கொண்டுவந்த ஆள். எனக்கு அடுத்த தடவையும் சீட்டு வேணும்னு இருந்தது. அதனால ஒரு மனுஷன் தூக்குல தொங்குனாலும் பரவாயில்லைன்னு இருந்துட்டேன்."

கோர்ட்டில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. "இப்போது தோற்றுவிட்ட ஆத்திரத்தில் பழி வாங்க வந்திருக்கிறீர்கள் என்கிறேன்" என்றார் அவர்.

"ஆத்திரம் உண்டு" என்றேன். "தோத்ததுக்கு இல்லை."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்களைப் போன்ற ஒருவரை இந்தக் கோர்ட்டு எதற்காக நம்ப வேண்டும்?"

"நம்ப வேண்டாம் ஐயா. நான் நம்பத் தகுந்த ஆள் இல்லை. அந்தத் தாளை நம்புங்க. அதை எழுதுன அன்னைக்கு இது இப்படி வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாது."

ஒன்றரை மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. விடுதலை. ஆனால் எப்படி விடுதலை? 'சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து.' எனக்குத் தலை சூடேறியது. எதில் சந்தேகம்? லாக்கப்பில் குத்த வைத்திருந்தவன் கண்மாய்க் கரையில் ஆளை வெட்டியிருக்க முடியுமா என்பதிலா? கை முறிந்தது, வேலை போனது, ஜெயிலில் கிடந்தது, இவ்வளவுக்கும் அவனுக்குக் கிடைத்தது சந்தேகத்தின் பலன். என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. என் நடத்தை மிகவும் இழிவானது, பொதுவாழ்வில் இருப்பவருக்குத் தகாதது என்று. அந்தத் தீர்ப்பில் எனக்கு முழுச் சம்மதமான இடம் அது ஒன்றுதான். இன்ஸ்பெக்டரைப் பற்றித் துறை விசாரணை வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். விசாரணை நடந்தது. மூன்று வருஷத்தில் அவர் டி.எஸ்.பி. ஆனார்.

அவளும் அவனும் படியிறங்கிப் போகும்போது நான் வழியில் நின்றேன். அவள் நிற்காமல் போனாள். அவன் நின்றான். "செவ்வாக்கெழம நீங்க போன் பேசுனது உள்ள எனக்குக் கேட்டுது" என்றான். "அண்ணாச்சி, அண்ணாச்சின்னு அவரு பேசினாரு. எம்.எல்.ஏ.வே பேசிட்டாரு, இனி அடிக்க மாட்டாவன்னு நெனச்சேன்." அவ்வளவுதான் சொன்னான். பெண்டாட்டிக்குப் பின்னால் போய்விட்டான். கோவில்பட்டிப் பக்கம் குடிபோனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என்னிடம் கேஸ்கள் குவிந்தன. 'உண்மைக்காகக் கூண்டேறியவர்' என்று ஊரில் பேசினார்கள். ஒரு சங்கத்தில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் மூன்று பேர் என்னைப் புகழ்ந்தார்கள். நான்காவது ஆள் பேச எழுந்தபோது சால்வையை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு இறங்கி வந்தேன். அடக்கம் என்று அதற்கும் கை தட்டினார்கள். இந்த ஊரில் ஒருத்தன் தன்னை அயோக்கியன் என்று ஒப்புக்கொள்ளக்கூட வழியில்லை.

மாலை போடாமல் என்னைப் பார்க்க வந்தவர் ஒரே ஒருவர். செத்துப்போன மேஸ்திரியின் தகப்பனார். சுந்தரபாண்டியத்துக்காரர், எழுபது வயது, கோர்ட்டில் எல்லா வாய்தாவுக்கும் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர். தீர்ப்பு வந்து ஒரு மாதம் இருக்கும். என் ஆபீஸில் வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அப்பம் எம் மவனை வெட்டுனது யாரு?"

"தெரியலை பெரியவரே."

"போலீசு தேடுமா?"

தேடாது என்று எனக்குத் தெரியும். ஒருத்தனைப் பிடித்தோம், கோர்ட்டு விட்டுவிட்டது, கோப்பு மூடியாயிற்று. அவர்களைப் பொறுத்தவரைக்கும் கொன்றவன் இன்னும் அந்தப் பிட்டர்தான்.

"அவந்தான்னு நெனச்சு அம்புட்டு வருசமும் சாபம் விட்டேன்" என்றார். "அவம் பொண்டாட்டி கோர்ட்டுக்கு வாரப்ப மூஞ்சியில காறித் துப்பினேன். அந்தப் பிள்ள தொடச்சுக்கிட்டுப் போச்சு. உங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா? வெள்ளிக்கெழமையே தெரியும்லா? அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா வேற ஆளத் தேடியிருப்பாவ. வெட்டுனவன் அப்ப இங்கதான் எங்கயோ இருந்திருப்பான்."

நான் என் குற்றத்தை அந்தப் பிட்டரோடு முடித்து வைத்திருந்தேன். அவன் ஒருத்தனுக்குத்தான் துரோகம் செய்தேன், அதைக் கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டேன் என்று இருந்தேன். இந்த மனுஷனைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை நான் வைத்த போனில், கொன்றவனையும் சேர்த்து வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மறுவிசாரணை கேட்டு மனுப் போட்டேன். தள்ளுபடி. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனேன். விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கண்மாய்க் கரைக்குப் போய் நின்றுவிட்டு வந்தார். சாட்சிகளில் ஒருத்தர் செத்துவிட்டார், ஒருத்தர் திருப்பூர் போய்விட்டார், மில்லே கை மாறியிருந்தது. துப்புக் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அதன் நகலை எடுத்துக்கொண்டு நானே சுந்தரபாண்டியத்துக்குப் போனேன். கிழவர் களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன். அவர் காலால் உளுந்தைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

"இதை எதிர்த்து மேல ஒண்ணு போடலாம், பெரியவரே" என்றேன்.

"போட்டா?"

நான் வக்கீல். அந்தக் கேள்விக்கு எப்போதும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். அன்றைக்கு அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"வெயில் ஏறுது. நீங்க பஸ்ஸைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.